எழுதப்பட்டவள் வாசிக்கும்போது

சீடன்: ஐயா, ஃபிரான்சுவா த்ரூஃபோ 1979இல் எடுத்த 'லாமூர் ஆன் ஃபுயித்' படத்தை எல்லாரும் இலகுவான காதல் நகைச்சுவை என்றே சொல்கிறார்கள். நீங்கள் மட்டும் அதை ஓர் அறநூலைப் போல எடுத்துக் கதைக்கிறீர்கள். ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணிடம் ஓடிக்கொண்டே இருக்கிற எழுத்தாளன் ஒருவனுடைய கதையில் அப்படி என்ன இருக்கிறது?

குரு: அந்த எழுத்தாளனை முதலில் சரியாகத் தெரிந்துகொள், தம்பி. நாங்கள் இருக்கிற இந்தப் பாரிஸ் லாச்சப்பலில் இரண்டாம் இலக்க மெற்றோவில் ஏறி மேற்கே போனால் ஐந்தாவது நிறுத்தம் பிளாஸ் து கிளிஷி. 1959இல் வந்த 'லே கத்ர் சான் கூ' படத்தில், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் சுற்றித் திரிகிற சிறுவன் அந்துவான் துவானெல், தன் தாய் அயலான் ஒருவனை முத்தமிடுவதை அங்கேதான் காண்கிறான். அந்தச் சிறுவனாக நடித்தவர் ஜான்-பியர் லெயோ. அதே நடிகரை, அதே பாத்திரத்தில், இருபது ஆண்டுகளில் ஐந்து படங்களில் த்ரூஃபோ வளரவிட்டார். ஐந்தாவதும் கடைசியுமானதுதான் நீ சொல்லும் படம். அதில் அந்துவானுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அச்சகம் ஒன்றில் மெய்ப்புப் பார்க்கிறான். தன் காதல்களையே வைத்து ஒரு நாவல் எழுதி வெளியிட்டிருக்கிறான். மனைவி கிறிஸ்தினும் அவனும், 1975ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த வழியில், இருவரும் சம்மதித்தே மணவிலக்குப் பெறுகிறார்கள். இசைத்தட்டுக் கடையில் வேலை செய்யும் சபீன் என்ற இளம்பெண் அவனுடைய இப்போதைய காதலி, அவளிடமும் சண்டை. பலரை விரும்பியதற்காக இவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. எனக்கு அதில் அக்கறை இல்லை. அவன் அந்தக் காதல்களை எப்படிச் சொன்னான், அவன் சொன்னதை யார் வாசித்தார்கள், வாசித்தவர்களுக்குப் பதில் சொல்ல இடம் கிடைத்ததா என்பதில்தான் அறம் இருக்கிறது. இந்தப் படம் அந்த இடத்தைக் கொடுக்கிறது. அதனால்தான் இதைப் பெரிய படம் என்கிறேன்.

சீடன்: அந்த இடம் படத்தில் எங்கே வருகிறது?

குரு: ரயிலில். மகன் அல்ஃபோன்ஸை விடுமுறைக்கு அனுப்புவதற்காக கார் து லியோன் நிலையத்துக்கு வருகிறான் அந்துவான். புறப்படப்போகும் இன்னொரு ரயிலில் கொலெத்தைக் காண்கிறான். அவனுடைய இளமைக் காதலி, இப்போது வழக்கறிஞர். பயணச்சீட்டும் இல்லாமல் ஓடும் ரயிலில் தாவி ஏறுகிறான். அவள் கையில் இருக்கும் புத்தகம் அவனுடைய நாவல்! வாசித்துக்கொண்டிருந்தவள் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறாள். நாவலில், அந்தப் பெண்ணின் குடும்பம்தான் அவன் வீட்டுக்கு எதிரே குடிவந்ததாக எழுதியிருக்கிறான். நடந்தது தலைகீழ். 1962இல் வந்த 'அந்துவானும் கொலெத்தும்' என்ற குறும்படத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்: இசைக் கச்சேரிகளில் கண்ட பெண்ணை விடமுடியாமல், அவள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு விடுதி அறையை எடுத்துக்கொண்டு குடிபோனவன் அவன்தான். த்ரூஃபோ அந்தப் பழைய படத்தின் காட்சிகளையே வெட்டி இங்கே கொண்டுவந்து வைக்கிறார். ஆகவே பார்வையாளர் முன் மூன்று சாட்சிகள் நிற்கின்றன: அவன் நாவல், அவள் நினைவு, நாம் கண்ணால் கண்ட 1962. மூன்றில் இரண்டு அவன் பக்கம் இல்லை.

சீடன்: இதை ஒரு குற்றமாக எடுக்க முடியுமா, ஐயா? நாவல் நீதிமன்ற வாக்குமூலம் இல்லையே. வீடு மாறலாம், ஊர் மாறலாம், ஆளே மாறலாம். மாற்றுகிற உரிமையைப் பறித்துவிட்டால் எழுத்தாளனிடம் மிஞ்சுவது என்ன?

குரு: உரிமையை நான் பறிக்கவில்லை. மாற்றம் எந்தத் திசையில் போகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். அதே த்ரூஃபோவின் 1977ஆம் ஆண்டுப் படம் 'லொம் கி எமே லே ஃபாம்', பெண்களை நேசித்த மனிதன், இதற்கு நல்ல உரைகல். மோன்பெலியேயில் வாழும் பெர்த்ரான் மொரான் தான் சந்தித்த பெண்களைப் பற்றியெல்லாம் எழுதுகிறான். முதலில் தட்டச்சுச் செய்ய ஒப்புக்கொண்ட பெண், வாசிக்க வாசிக்க மனம் ஒப்பாமல் வேலையையே விட்டுவிடுகிறாள். புத்தகம் அச்சுக்குப் போன பிறகு அவன் அச்சகத்துக்கே ஓடிப்போய், ஒரு சிறுமியின் சிவப்புச் சட்டையை நீலமாக மாற்றச் சொல்கிறான். அந்த மாற்றத்தில் எவருக்கும் நட்டமில்லை, அது கலைஞனின் உரிமை. ஆனால் பாரிஸில் தற்செயலாக வேரா என்ற பழைய காதலியைச் சந்திக்கும்போது வேறொன்று வெளியே வருகிறது. அவனை உண்மையாகவே காயப்படுத்திய அந்த ஒருத்தி புத்தகத்தில் ஒரு வரியிலும் இல்லை. அவன் வென்ற பெண்கள் எல்லாரும் அதிகாரம் அதிகாரமாக இருக்கிறார்கள், அவன் தோற்ற பெண்ணைக் காணவில்லை. அந்துவானின் நாவலிலும் துரத்தியவன் துரத்தப்பட்டவனாகிறான். மாற்றங்கள், விடுபடல்கள் எல்லாம் எழுதியவனுக்குச் சாதகமாகவே விழுமானால் அதைக் கற்பனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் வழக்கைத் தானே வாதாடித் தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான்.

சீடன்: அவன் பொய்யன் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு முறையும் உண்மையாகவே உருகுகிறான். கொலெத்திடமும், கிறிஸ்தினிடமும், சபீனிடமும்.

குரு: உருகுகிறான், மறுக்கவில்லை. அந்த உருக்கம்தான் அவனுக்குத் தடையாக இருக்கிறது. மனம் உண்மையாக இருப்பதால், எழுதியதும் உண்மை என்று நம்பிவிடுகிறான். தாயின் காதலர் லூசியென் பல ஆண்டுகளுக்குப் பிறகு அவனைக் கண்டு, மோன்மார்த்ர் இடுகாட்டுக்கு அழைத்துப்போய் அந்தத் தாயின் கல்லறையைக் காட்டும் காட்சியை நினைத்துப்பார். மகனுடைய மனதில் அவள் அன்பில்லாதவள், கடுமையானவள். லூசியென் சொல்லும் பெண் வேறு: துணிச்சலானவள், மகனைத் தன் வழியில் நேசித்தவள். அந்துவான் பொய் சொல்லி வளரவில்லை, பிளாஸ் து கிளிஷியில் கண்டதைத்தான் நம்பி வளர்ந்தான். ஆனால் அவன் கண்டது ஒரு முத்தம். ஒரு முத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு வாழ்க்கையையே எழுதிமுடித்துவிட்டான். பிறகு வந்த பெண்களிடமும் அதையேதான் செய்தான். ஒருத்தியை அறிந்து முடிக்கும் முன்பே அவளை ஒரு கதையாக்கிவிடுவான், கதையில் அடங்காத பகுதியை அவள் காட்டத் தொடங்கியதும் அடுத்தவளிடம் ஓடிவிடுவான். த்ரூஃபோவே அதே இடுகாட்டில்தான் 1984இல் அடக்கமானார். தன் பிள்ளைப்பருவத்திலிருந்து பிறந்த பாத்திரத்தை, தாயைப் பற்றிய தன் தீர்ப்பை மறுவிசாரணை செய்ய அங்கே கொண்டுபோய் நிறுத்திய இயக்குநரின் துணிவை நான் மதிக்கிறேன்.

சீடன்: நகைச்சுவைப் படத்துக்கு இவ்வளவு பாரமா, ஐயா? ஒரு நாவலில் வீட்டை மாற்றி எழுதியதால் யாருக்கு என்ன ஆனது? கொலெத்தே சிரித்துக்கொண்டுதானே கேட்கிறாள்?

குரு: மை யாரையும் காயப்படுத்தாது என்று நினைக்கிறாயா? சொந்த வாழ்க்கையையே புனைவாக எழுதும் 'ஓட்டோஃபிக்சியோன்' என்ற இலக்கிய வகைக்கு 1977இல் பெயர் சூட்டியவர் செர்ஜ் துப்ரோவ்ஸ்கி, இதே பாரிஸ்காரர். அவருடைய மனைவி, தங்கள் மணவாழ்க்கையைப் பற்றியும் எழுதும்படி அவரைக் கேட்டார். எழுதினார். அவளைப் பற்றி எழுதிய அதிகாரங்களை அவளுக்கே வாசிக்கக் கொடுத்தார். நூல் முடியும் முன்பே, 1987இல், அவள் இறந்துகிடந்தாள். அந்த மரணத்தையும் சேர்த்துத்தான் 1989இல் 'ல லீவ்ர் ப்ரிஸே' வெளிவந்தது, மெதிசி பரிசும் பெற்றது. மரணத்துக்குக் காரணம் இதுதான் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. அவள் கேட்டுத்தான் அவர் எழுதினார், அவள் சம்மதம் இருந்தது, அவள் வாசித்தாள். கடைசி வார்த்தை சொல்ல மட்டும் அவளுக்கு இடம் இல்லை. கொலெத்துக்கு அது இருக்கிறது. அவள் சிரிக்கிறாள் என்றாயே, அந்தச் சிரிப்பைக் கவனி. அவள் சிரித்துக்கொண்டே திருத்துகிறாள். எழுதியவனை எதிரே உட்காரவைத்து, அவன் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி திருத்துகிறாள். நகைச்சுவை இங்கே அவன் குற்றத்தை மெழுகிவிடவில்லை. யார் சிரிக்கலாம் என்ற உரிமையை இடம் மாற்றுகிறது.

இப்படிப் பெண் பதில் சொல்வது தமிழில் எங்களுக்குப் புதிது இல்லை என்பதையும் சொல்லவேண்டும். சங்கப் பாடல்களின் மருதத்திணையை எடுத்துப்பார். தலைவன் பரத்தையிடம் போகிறான், திரும்பி வருகிறான், வாசலில் நிற்கிறான். இது மனைவியை ஏமாற்றிய ஆணின் கதைதான், ஆனால் சொல்பவர்கள் யார்? பெரும்பாலும் தலைவி, தோழி, பரத்தை. பாணனைத் தூது விட்டால் தோழி வாயில் மறுக்கிறாள். குறுந்தொகையின் எட்டாம் பாடலில் ஆலங்குடி வங்கனார் காதற்பரத்தையைப் பேசவைக்கிறார்: எங்கள் வீட்டில் வாய்கிழியப் பேசுகிறவன், தன் வீட்டுக்குப் போனால் மகனின் தாய் சொன்னதைச் செய்யும் கண்ணாடிப் பாவையாகிவிடுகிறான் என்பது அவள் கேலி. இரண்டு பெண்களிடமும் இரண்டு முகம் காட்டியவன் அங்கே இரண்டு பெண்களுடைய கண்ணிலும் ஒரே நேரத்தில் அகப்படுகிறான். த்ரூஃபோவின் படத்திலும் கொலெத்தும் கிறிஸ்தினும் ஒருவரையொருவர் சந்தித்து, இருவருக்கும் தெரிந்த அந்த ஒருவனைப் பற்றிக் கதைத்துக்கொள்கிறார்கள். அவனுடைய நாவல் அவர்களைத் தனித்தனி அதிகாரங்களில் பூட்டிவைத்திருந்தது. இந்தச் சந்திப்பில் பூட்டு உடைகிறது.

சீடன்: இங்கேதான் எனக்குப் பெரிய ஐயம். வங்கனார் ஆண். மருதம் நூறு பாடி ஐங்குறுநூற்றில் வைத்த ஓரம்போகியாரும் ஆண். த்ரூஃபோவும் ஆண். பெண் பதில் சொல்கிறாள் என்கிறீர்கள், அந்தப் பதிலையும் ஆண்தானே எழுதிக்கொடுக்கிறான்? அந்துவான் செய்த அதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்வதில்லையா இது?

குரு: இது நல்ல கேள்வி, முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. ஆண் எழுதிய பெண்குரலில் ஆணின் ஆசை கலந்தே இருக்கும். பரத்தையின் வாழ்க்கையில் இருந்த வறுமையும் வேறு வழியின்மையும் மருதப் பாடல்களில் அனேகமாக இல்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இரண்டு சான்றுகளைப் பார். குறுந்தொகையில் பரத்தையின் கூற்றாகவே நின்று ஔவையார் பாடியிருக்கிறார். புனலாடப் போகிறோம், முடிந்தால் அவள் தன் கணவனைக் காத்துக்கொள்ளட்டும் என்று மனைவிக்கே சவால் விடும் பரத்தை அவள். ஒரு மரபு கதவைத் திறந்துவைத்தால், ஒரு நாள் அந்தக் கதவால் பெண்ணே உள்ளே வந்து பேசுவாள். படத்திலும் அப்படித்தான் நடந்தது. 1962இல் கொலெத்தாக நடித்த மரி-ஃபிரான்ஸ் பிசியே, 1979இல் மறுபடி கொலெத்தாக வந்தபோது நடிகையாக மட்டும் வரவில்லை. திரைக்கதை எழுதிய நால்வரில் அவரும் ஒருவர், சுசான் ஷிஃப்மான் இன்னொருவர். பதினேழு ஆண்டுகளுக்கு முன் எதிர்வீட்டுப் பையனால் பார்க்கப்பட்ட பெண், இப்போது அந்தப் பையனின் புத்தகத்தைத் திருத்தும் காட்சிகள் கொண்ட திரைக்கதையில் கையொப்பம் இட்டிருக்கிறார். எந்த வரி எவருடையது என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. த்ரூஃபோ பேனாவைப் பங்கிட்டுக்கொண்டார். அந்துவான் தன் நாவலில் அதைச் செய்யவே இல்லை.

சீடன்: அப்படியானால் அந்துவான் கடைசிவரை திருந்தவில்லையா? அவனும் சபீனும் சேர்வதோடுதானே படம் முடிகிறது? வழக்கமான காதல் படத்தின் முடிவு அது.

குரு: சேர்கிற விதத்தைப் பார். ரயிலில் கொலெத்திடம் தன் அடுத்த நாவலின் கதை என்று ஒன்றைச் சொல்கிறான். தொலைபேசிக் கூண்டில் ஒருவன் காதலியோடு சண்டை பிடித்து அவள் படத்தைக் கிழித்தெறிகிறான். அதைப் பார்த்த இன்னொருவன் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, அந்த முகத்தைத் தேடி அலைகிறான். கற்பனைக் கதை என்றுதான் சொல்கிறான். உண்மையில் அவன் சபீனைக் கண்டுபிடித்தது அப்படித்தான், அதை அவளிடம் சொல்லவே இல்லை. அதையும் புத்தகமாக்கியிருந்தால், சபீன் தன் காதலின் தொடக்கத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்கி அறிந்திருப்பாள், கொலெத்தைப் போல. முடிவில் ஒட்டிய படத்தைக் காட்டி, நடந்ததை அவளிடமே நேரில் சொல்லுகிறான். அச்சில் வருமுன், எழுதப்படப்போகிறவளிடமே முதலில் சொல்கிறான். அவள் கேள்வி கேட்கலாம், நம்பாமல் விடலாம், வெளியே போகச் சொல்லலாம். அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு கதையைச் சொல்வது அதுவே முதல்தடவை. அவன் நாளைக்கு மாறிவிடுவான் என்று படம் உறுதி சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் எழுத்தாளனாக அவன் ஒரு படி ஏறிவிட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சீடன்: எங்களுக்கு இது எப்படிப் பொருந்தும்? தமிழில் எழுதுகிறவன் பிரெஞ்சு நாவலாசிரியனைப் போல ஆயிரமாயிரம் முகம் தெரியாத வாசகர்களுக்கா எழுதுகிறான்?

குரு: அதனால்தான் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கொலெத் அந்தப் புத்தகத்தை வாசித்ததும், அந்துவான் அவளை ரயிலில் கண்டதும் தற்செயல். இங்கே தற்செயல் தேவையில்லை. பாரிஸில் தமிழில் ஒரு கதை வந்தால், அதில் வருகிற பெண் அதை வாசிப்பாள், அவள் தமக்கை வாசிப்பாள். ஃபோபூர் சன் தெனியிலோ ரு காயிலோ மரக்கறி வாங்க வந்த இடத்தில் எழுதியவனுக்கு முன்னால் வந்து நிற்பாள். பெயரை மாற்றினாலும் ஊரும் பள்ளிக்கூடமும் காட்டிக்கொடுத்துவிடும். எழுதாதே என்று சொல்ல இதை எடுக்காதே. சொந்தக் காதலைப் பற்றி எழுதாமல் மருதம் இல்லை, த்ரூஃபோவும் இல்லை. எழுதும்போது உனக்குச் சாதகமாக விழுகிற ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டாம் முறை பார். உன் தோல்வியைச் சொல்லும் வேரா புத்தகத்தில் இருக்கிறாளா என்று தேடு. அவள் வாயில் ஒரு வசனத்தையாவது, நீ விரும்பாத ஒரு வசனத்தையாவது வை.

சீடன்: வைத்தபிறகும் அவள் கோபித்தால்?

குரு: கோபிக்கட்டும். வாயில் மறுத்த பாடல்களும் மருதத்தில் இருக்கின்றன, வாயில் திறந்த பாடல்களும் இருக்கின்றன. எது நடக்கும் என்று வாசலில் நிற்பவன் முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது. சபீன் அன்று கதவைச் சாத்தியிருந்தாலும் அந்துவான் செய்தது சரியானதாகவே இருந்திருக்கும்.