லூப் லைனில் ஒரு வேண்டுதல்

'காப்பாத்து சாமி' என்று கும்பிடுகிறோமே, அப்படி என்னதான் கேட்கிறோம்? கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இதற்கான விடை 'கராஜ்' என்ற சொல்லில் கிடைத்தது.

கராஜ் என்றதும் நமக்கு ஷட்டரும் பூட்டும்தான் நினைவுக்கு வரும். பிரெஞ்சுக்காரர்கள் அதைக் காருக்காக உண்டாக்கவில்லை. ஆற்றிலும் கால்வாயிலும் வேறொரு படகுக்கு வழிவிட்டுத் தன் படகை ஓரங்கட்டுவதைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். ரயில் வந்ததும் ஒதுக்குப் பாதைக்கு அந்தப் பெயர் போனது. அப்புறம்தான் கார் நிற்கும் கொட்டகை. 1902 வாக்கில் ஆங்கிலமும் எடுத்துக்கொண்டது. இன்னும் ஆழத் தோண்டினால் 'கவனமாயிரு' என்று பொருள்படும் பழைய ஜெர்மானிய வேர் தட்டுப்படுகிறது. எச்சரிக்கும் 'வார்ன்', விழிப்பைச் சொல்லும் 'அவேர்', என் உத்தியோகமான 'கார்டு' எல்லாம் அந்த வேரின் கிளைகள். 2022இல் ரயில்வே, கார்டை 'டிரெயின் மேனேஜர்' ஆக்கிவிட்டது. எனக்குப் பழைய பெயர்தான் பிடிக்கும்.

கூட்ஸ் கார்டின் காலம் பாதி லூப் லைன் என்கிற ஒதுக்குப் பாதையில்தான் கழியும். எக்ஸ்பிரஸ் முந்த வேண்டுமென்றால் நிலக்கரி ஏற்றிய 58 வேகனையும் லூப்பில் விடுவார்கள். கடைசியில் இருக்கும் பிரேக் வேன் 'ஃபௌலிங் மார்க்' என்ற எல்லைக் குறிக்கு உள்ளே வந்துவிட்டதா என்று பார்ப்பது கார்டின் பொறுப்பு. கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் மெயின் லைனில் வருகிற வண்டி இடித்துவிடும். நான் ஒழுங்காக ஒதுங்கி நின்றேனா என்பதில், என் முகம் பார்த்திராத எத்தனையோ பேரின் உயிர் இருந்தது.

விபத்தோ கோளாறோ ஆகி நடுவழியில் வண்டி நின்றால், கார்டு பின்பக்கமாக நடந்து போக வேண்டும். அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் மூன்று என்று தண்டவாளத்தில் வைக்க வேண்டும். சக்கரம் ஏறியதும் வெடிக்கும். வருகிற டிரைவர் பிரேக் பிடிப்பார். விதிப்புத்தகம் இதை வண்டியைப் பாதுகாத்தல் என்கிறது. வண்டியைக் காக்க, வண்டியை விட்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும்!

எங்கள் ஊர் ஐயனாரும் இந்த விதியைப் படித்தவர் மாதிரிதான் இருக்கிறார். இருப்பது ஊர் எல்லையில். தலைக்கு மேல் கூரையில்லை, மண்குதிரை மழையில் நனைகிறது, விழி மட்டும் உருட்டி விழித்தபடி. ஊருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் அவர் காவல் தெய்வமே இல்லை. நாமோ அவரிடம் போய் ஷட்டர் கேட்கிறோம்: பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது, புது வண்டியில் கீறல் விழக் கூடாது. காத்தலையும் காத்திருத்தலையும் ஒரே வேரிலிருந்து எடுத்தவர்கள் நாம். காவல் என்றால் விழித்து நிற்பது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால், ஒதுங்கி நிற்பதைப் புண்ணியமாக்கிப் பேசுவதில் ஒரு சூது உண்டு. விசிறியோ கழிவறையோ இல்லாத பிரேக் வேனில் சித்திரை வெயிலில் மணிக்கணக்காக நின்றவனுக்கு அது தெரியும். சிலர் என்றைக்கும் மெயின் லைன், சிலர் என்றைக்கும் லூப் என்று ஆனபிறகு அதற்குத் தத்துவம் சொல்வது அநியாயம். வேலையில் ஓரங்கட்டப்பட்டவரைப் பிரெஞ்சிலும் ஒதுக்குப் பாதையில் விட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்வார்களாம். காத்திருப்பதா கைவிடப்பட்டதா என்பதை லூப்பிலிருந்து புறப்பட அனுமதிக்கும் ஸ்டார்ட்டர் சிக்னல்தான் சொல்ல வேண்டும். அது எப்போதாவது விழ வேண்டும்.

லைனில் வண்டி நிற்பது மறந்துபோகாமலிருக்க ஸ்டேஷன் மாஸ்டர் சிக்னல் லீவரில் 'காலர்' என்ற வளையத்தை மாட்டி வைப்பார். சாமியிடம் நான் கேட்பது அவ்வளவுதான். நோய் வரட்டும், மற்றவர்கள் முந்தட்டும். இவன் இங்கே நிற்கிறான் என்பதற்கு ஒரு காலர் போதும். அதைக் கேட்கிற தகுதி வேண்டுமென்றால், நான் போவதற்காக ஓரத்தில் நிறுத்தப்பட்டிருப்பவர்கள் யார் யார் என்பது எனக்கும் மறக்கக் கூடாது.