சொல்ல உரிமை உண்டு, கேட்கக் கடமை உண்டா?

அரசின் முடிவு ஒன்று தவறு என்று மனத்தில் பட்ட பிறகும் குடிமகன் அதற்குக் கீழ்ப்படிய வேண்டுமா? கீழ்ப்படிந்தபடியே, அது தவறு என்று ஊரறியச் சொல்லலாமா? நெதர்லாந்தின் மண்ணில் இக்கேள்விகளுக்குக் கிடைத்த மிகத் தெளிவான பதில் தத்துவஞானி ஸ்பினோசாவுடையது. 1670-இல் வெளியான அவருடைய 'இறையியல்-அரசியல் ஆய்வுரை'யில் இருபதாவது அதிகாரம், அதாவது கடைசி அதிகாரம், இதற்கென்றே எழுதப்பட்டது. அரசு என்று ஒன்று அமையும்போது ஒவ்வொருவரும் தம் மனம்போல் செயல்படும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் சேர்ந்து வாழ முடியாது. ஆனால் சிந்திப்பதையும் எடைபோடுவதையும் விட்டுக்கொடுக்க எவராலும் ஆகாது, விரும்பினாலும் ஆகாது. அறிவை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டேன் என்று ஒருவர் சத்தியம் செய்யலாம். மறுநாள் காலையில் அந்த அறிவு யாரையும் கேட்காமல் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

இது இரக்கம் கேட்கும் மனு போன்றதன்று. ஸ்பினோசாவின் தத்துவத்தில் உரிமை என்பது ஆற்றல் எட்டும் தூரம் வரைதான். அரசுக்கு மனங்களை ஆளும் ஆற்றல் இல்லை. ஆற்றல் இல்லாத இடத்தில் உரிமையும் இல்லை. கருத்துகளைச் சட்டம் போட்டு அடக்கினால் யார் மாட்டிக்கொள்கிறார்கள் என்றும் அவர் கணக்குப் பார்க்கிறார். முகத்துதி செய்பவர்களும் பணத்தாசை பிடித்தவர்களும் எந்தச் சட்டத்துக்கும் தலையாட்டித் தப்பித்துக்கொள்வார்கள். மனச்சான்று உள்ளவர்கள்தான் பிடிபடுவார்கள். இந்த வாதத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. மனங்களை நேரடியாகக் கட்டளையிட்டு ஆள முடியாவிட்டாலும், சுற்றிவளைத்து வசப்படுத்த முடியும் என்பதைப் பதினேழாம் அதிகாரத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். பிரசாரத்தில் கைதேர்ந்த ஓர் அரசு அவர் வாதத்தின் அடித்தளத்தையே அரித்துவிடலாம்.

அவர் தந்த சுதந்திரத்துக்கு எல்லையும் அவரே வகுத்தார். ஒரு சட்டம் அறிவுக்கு ஒவ்வாதது, அதை நீக்க வேண்டும் என்று ஒருவர் வாதிடுகிறார். தம் கருத்தை ஆட்சியாளரின் பரிசீலனைக்கு வைக்கிறார். முடிவு வரும்வரை அச்சட்டத்தை மீறாமலும் இருக்கிறார் என்றால் அவர் நல்ல குடிமகன். அதே ஆள் அதிகாரிகள்மேல் பழிசுமத்தி மக்களின் வெறுப்பைக் கிளறிவிட்டால் அவர் கலகக்காரர். முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே உள்ள தூரம் ஏட்டில் தெரியும் அளவுக்கு வீதியில் தெரிவதில்லை. கோபம் கலக்காத அரசியல் விமர்சனம் எந்த நாட்டிலும் அரிது.

அவர் எழுதிய காலத்து டச்சுக் குடியரசு ஐரோப்பாவிலேயே தளர்வான நாடு என்று பெயர் எடுத்திருந்தது. 1579-ஆம் ஆண்டின் யூட்ரெக்ட் ஒன்றிய உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு, மதத்துக்காக எவரையும் துன்புறுத்தவோ விசாரிக்கவோ கூடாது என்றது. ஆனால் நாற்பது ஆண்டு கழித்து, அருள்தேர்வு பற்றிய ஓர் இறையியல் சச்சரவு அரசியல் பகையாக முற்றி, 1619-இல் ஹாலந்து மாகாணத்தின் மூத்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட்டின் தலை கொய்யப்பட்டது. ஸ்பினோசாவுக்கு இன்னும் நெருக்கமான கதை அட்ரியான் கூர்பாக்குடையது. ஸ்பினோசாவின் நண்பர்கள் வட்டத்தைச் சேர்ந்த இவர், மதக் கோட்பாடுகளைக் கிண்டலாக அலசும் அகராதி நூல் ஒன்றை 1668-இல் வெளியிட்டார், அதுவும் எல்லாரும் படிக்கும் டச்சு மொழியில். ஆம்ஸ்டர்டாம் அதிகாரிகள் பத்தாண்டுச் சிறை, அதன்பின் பத்தாண்டு நாடுகடத்தல், நாலாயிரம் கில்டர் அபராதம் என்று தீர்ப்பளித்தார்கள். மறு ஆண்டே அவர் சிறையில் இறந்துபோனார். அகராதி வெளிவந்து இரண்டாண்டு கழித்து ஸ்பினோசாவின் நூல் வந்தபோது அதில் ஆசிரியர் பெயர் இல்லை; ஆம்ஸ்டர்டாமில் அச்சான நூலுக்கு ஹாம்பர்க் என்று பொய் முகவரி போட்டிருந்தது. மொழி லத்தீன். டச்சு மொழிபெயர்ப்பு தயாராகிறது என்று கேள்விப்பட்டு அதை நிறுத்தச் சொல்லி நண்பருக்கு அவரே கடிதம் எழுதினார். பேச்சுரிமைக்காக வாதாடிய நூலே பயந்து பயந்துதான் வெளியே வந்தது. 1674-இல் தடையும் வந்துவிட்டது.

இதற்கிடையே 1672 ஆகஸ்டு 20 அன்று, தி ஹேக் நகரில், குடியரசை நடத்திவந்த யோஹான் டி விட்டையும் அவர் அண்ணன் கொர்னேலிஸையும் கும்பல் ஒன்று அடித்துக் கொன்று உடல்களைச் சிதைத்தது. அந்த இடத்தில் கொலையாளிகளைக் கண்டித்து ஓர் அட்டையை வைக்க ஸ்பினோசா கிளம்பினார் என்றும், வீட்டுக்காரர் கதவைப் பூட்டித் தடுத்துவிட்டார் என்றும் அவரைப் பின்னர் சந்தித்த தத்துவஞானி லைப்னிட்ஸ் குறித்துவைத்திருக்கிறார். அன்று கருத்தை நெரித்தது அரசு அல்ல, தெரு. இருபதாம் அதிகாரத்தில் இதற்குப் போதிய இடம் இல்லை. அரசு சும்மா இருந்தாலும் அண்டை வீட்டார் கூடி வாயை மூடலாம் என்ற ஆபத்தை அந்த வாதம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. திரைப்பட இயக்குநர் தியோ வான் கோ தம் கருத்துகளுக்காக 2004 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் தெருவில் கொல்லப்பட்டபோதும் இதே குறைதான் முன்வந்து நின்றது. அப்போது நீதியமைச்சராக இருந்த பீட் ஹெயின் டோனர், தூங்கிக்கிடந்த தெய்வநிந்தனைச் சட்டப்பிரிவை மீண்டும் பயன்படுத்தலாமே என்றார். அப்பிரிவை 1932-இல் கொண்டுவந்தவர் அவருடைய தாத்தா, அவரும் நீதியமைச்சர்தான். கடவுளைக் கழுதை உருவில் எழுதிய நாவலாசிரியர் கெரார்ட் ரேவை 1968-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்ததிலிருந்தே அது செத்த பிரிவாகத்தான் கிடந்தது. பேரனின் யோசனை எடுபடவில்லை. 2014-இல் பிரிவே நீக்கப்பட்டது.

உள்ளே எண்ணம் சுதந்திரம், வெளியே செயல் அரசுக்கு என்ற இந்தப் பிரிவினையை ஏற்க மறுத்த டச்சுக்காரர்களும் உண்டு. அவர்களுள் பெரியவர் ஆப்ரஹாம் கைப்பர்: கால்வினிய இறையியலாளர், பத்திரிகையாளர், 1901 முதல் 1905 வரை பிரதமர். 1880-இல் ஆம்ஸ்டர்டாமில் சுதந்திரப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிவைத்துப் பேசியபோது அவர் வேறொரு கோடு கிழித்தார். குடும்பம், திருச்சபை, பள்ளி, அறிவுத்துறை ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஆளுகை வட்டம் உடையது; அந்த ஆளுகையைக் கொடுத்தவர் கடவுள்; அரசு அதை வழங்கவில்லை, ஆகவே பறிக்கவும் முடியாது என்றார். மனச்சான்று தலைக்குள் பூட்டிவைக்கும் பொருளல்ல. பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்பதிலும் அதற்குப் பேச்சு உண்டு. இதன் பயன் ஏட்டோடு நிற்கவில்லை. 1917-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தத்தின்படி மதப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும் சமமான நிதி பெறத் தொடங்கின, இன்றும் பெறுகின்றன.

கைப்பரின் பக்கம் வலு இருக்கிறது. நினைக்க மட்டும் விட்டுவிட்டு நடக்க விடாத சுதந்திரம், நம்பிக்கையாளருக்கு அரைச் சுதந்திரம். ஆனால் வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் அவர் கோட்பாடு திணறுகிறது. 2001 ஏப்ரல் 1 அன்று, உலகில் முதலாவதாக, நெதர்லாந்தில் ஒரே பாலினத்தவர் திருமணம் சட்டமானது. மத நம்பிக்கையின் காரணமாக அத்தகைய திருமணங்களைப் பதிவுசெய்ய மறுத்த நகராட்சிப் பதிவாளர்கள் சிலர் இருந்தார்கள். பல ஆண்டுகள் நகராட்சிகள் வேறொரு பதிவாளரை அனுப்பி ஓசையின்றிச் சமாளித்தன. 2014-இல் வந்த சட்டம், அப்படி மறுப்பவர்களைப் புதிதாக வேலைக்கு எடுக்கக் கூடாது என்றது. பதிவாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் நம்பிக்கையாளரா, அரசா? அந்த மேசையில் அவர் அரசு என்று சட்டம் விடை சொல்லிவிட்டது. ஸ்பினோசாவும் அதையே சொல்லியிருப்பார். மனச்சான்று ஆயுதப் பயிற்சியை மறுத்தால் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே விலக்கு கொடுத்துவந்த நாடு, பதிவேட்டில் கையெழுத்திட மறுப்பவருக்குக் கொடுக்கவில்லை. போர்வீரர் கட்டாயத்தின் பேரில் வந்தவர், பதிவாளர் விரும்பி வந்தவர் என்ற வேறுபாட்டை இதற்குச் சமாதானமாகச் சொல்லலாம், ஓரளவு பொருந்துகிறது.

பதவியில் இருப்பவரின் சொந்தக் கருத்து என்னாவது என்பதைத் தனிக் கேள்வியாக எடுத்தவர் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட். 1784-இல் அவர் எழுதிய அறிவொளி பற்றிய கட்டுரையின்படி, அதிகாரி தம் பணியில் கட்டளைப்படி நடக்க வேண்டும். அதே மனிதர் அறிஞராக, வாசக உலகத்தின்முன், அந்தக் கட்டளையின் குற்றங்குறைகளைத் தாராளமாக எழுதலாம். வரி கட்ட மறுக்கக் கூடாது, வரி அநியாயம் என்று அச்சிடலாம் என்பது அவருடைய உதாரணங்களுள் ஒன்று. டச்சு வரலாற்றில் இதைச் சோதித்துப் பார்த்தவர் எடுவார்ட் டௌவஸ் டெக்கர். ஜாவாவின் லெபாக் மாவட்டத்தில் 1856-இல் உதவி நிர்வாகியாக இருந்த அவர், உள்ளூர்த் தலைவர் குடியானவர்களைச் சுரண்டுவதாக மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் அவரைத்தான் கண்டித்தது. அவர் வேலையை விட்டார். 1860-இல் முல்டாடூலி என்ற புனைபெயரில் 'மாக்ஸ் ஹாவெலார்' நாவலை வெளியிட்டார். கான்ட்டின் ஏற்பாட்டில் அதிகாரியும் எழுத்தாளரும் ஒரே உடலில் குடியிருக்கலாம். லெபாக்கில் எழுத்தாளர் பிறக்க அதிகாரி போக வேண்டியிருந்தது.

நூற்றறுபது ஆண்டு கழித்து இந்தக் கேள்வி வரித்துறைக்குள் திரும்பி வந்தது. குழந்தைக் காப்பகச் செலவுக்கான அரசு உதவித்தொகையில் மோசடி செய்தார்கள் என்று பல்லாயிரம் குடும்பங்கள்மேல் தவறாகக் குற்றம் சாட்டப்பட்டது. கையெழுத்து ஒன்று விட்டுப்போனாலும் தொகை முழுவதையும் திருப்பிக் கேட்டார்கள். பலருக்கு அது பத்தாயிரக் கணக்கான யூரோ. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் கூடுதலாகக் குறிவைக்கப்பட்டார்கள். நிர்வாக வழக்குகளில் இறுதித் தீர்ப்பு சொல்லும் அரசு மன்றமும் 2019 வரை இந்தக் கடுமையை ஆதரித்தே வந்தது. 2017-இலேயே வரித்துறையின் உள் சட்ட ஆலோசகர் ஒருவர், ஒரு பெற்றோர் குழுவை நடத்திய விதம் கண்டிக்கத்தக்கது, இழப்பீடு தர வேண்டும் என்று குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். அது ஓரங்கட்டப்பட்டு 2020-இல்தான் வெளியே வந்தது. அந்த டிசம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழு அறிக்கை தந்தது. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது.

ஸ்பினோசாவின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அந்த ஆலோசகர் இலக்கணம் பிசகாத நல்ல குடிமகன். கருத்தை உரிய இடத்தில் வைத்தார், சட்டத்தை மீறவில்லை, கும்பலைக் கூட்டவில்லை. எந்தப் பயனும் விளையவில்லை. ஆட்சியாளரின் பரிசீலனைக்கு வைத்துவிட்டுக் காத்திரு என்று சொன்ன தத்துவம், பரிசீலிக்க வேண்டிய கடமை ஆட்சியாளருக்கு உண்டா என்று சொல்லவில்லை. வாய்க்குக் காவல் போட்டது, காதுக்கு ஒன்றும் சொல்லவில்லை. டச்சுத் தகவல் சட்டமோ இந்தக் குறையைப் பெருக்கியது. அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெறலாம் என்ற 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, உள் ஆலோசனைக்காக எழுதப்பட்ட ஆவணங்களில் உள்ள அதிகாரிகளின் சொந்தக் கொள்கைக் கருத்துகளை வெளியிட வேண்டியதில்லை என்று விலக்கு அளித்தது. நாடாளுமன்றம் கேட்டாலும் இதே விலக்கைக் காட்டும் பழக்கம் வேரூன்றிப் பிரதமரின் பெயராலேயே அழைக்கப்பட்டது. அதிகாரிகள் அச்சமின்றி மனந்திறக்க வேண்டும் என்பது இந்த விலக்குக்குச் சொல்லப்பட்ட காரணம். பொய்க்காரணம் என்று தள்ள முடியாது. இருந்தாலும், பதவியில் இருந்துகொண்டு பதவிக்காக எழுதிய ஒரு சட்ட ஆலோசனை எப்படி ஒருவரின் அந்தரங்க உடைமை ஆகும் என்பது விளங்கவில்லை. கருத்தைக் காக்க வந்த திரை, கருத்தைக் கேட்காதவர்களைத்தான் காத்தது.

ஸ்பினோசா முடிக்காமல் விட்டுப்போன 'அரசியல் ஆய்வுரை'யில் இதற்கு மருந்து இருக்கிறது. பெண்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஆட்சியில் பங்கில்லை என்று சொல்லித் தம் பெயரைக் கெடுத்துக்கொண்ட அதே நூலின் ஏழாம் அதிகாரத்தில், அரசு இரகசியத்தை அவர் கடுமையாகத் தாக்குகிறார். பொதுமக்களுக்குத் தீர்ப்புத்திறன் இல்லை என்று குறைசொல்பவர்கள், அரசின் முக்கியமான விவகாரங்களை அவர்களிடமிருந்து மறைத்துவிட்டே குறைசொல்கிறார்கள். நேர்மையான ஆலோசனைகள் எதிரிக்குத் தெரிந்துவிடுவதால் வரும் கேடு, கொடுங்கோலரின் தீய திட்டங்கள் குடிமக்களுக்குத் தெரியாமல் போவதால் வரும் கேட்டைவிடச் சிறியது. 1670-இல் எண்ணத்துக்குச் சுதந்திரம் கேட்டவர், ஏழாண்டுக்குள் எண்ணுவதற்கு வேண்டிய செய்தியையும் கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டார். அரசின் முடிவைப் பற்றிச் சொந்தக் கருத்து கொள்ளும் உரிமை, முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று அறியும் உரிமை இல்லாமல் வெறும் ஊகத்துக்கான உரிமையாகிவிடும்.

அமைச்சரவை விழுந்த பிறகு, அதிகாரிகளின் சொந்தக் கருத்து என்ற அந்த விலக்கை மட்டும் காட்டி நாடாளுமன்றத்துக்கு ஆவணம் மறுப்பதில்லை என்று அரசு அறிவித்தது. 2022 மே 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய திறந்த அரசுச் சட்டம் விலக்கை முற்றிலும் நீக்கவில்லை. அமைச்சர் போன்றோரின் முறையான முடிவுக்காக எழுதப்பட்ட ஆவணங்களில் உள்ள கருத்துகளை, எழுதியவர் யார் என்று அடையாளம் தெரியாத வடிவில், பொதுவாக வெளியிட வேண்டும் என்கிறது. நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சரே, அவருக்குக் கீழே வேலை செய்பவர் அல்லர் என்ற 1848-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் விதியோடு இந்த ஏற்பாடு ஒத்துப்போகிறது.