பொறுமையும் மௌனமும்

நம்மவர் வீடுகளில் முதிய பெண்மணி ஒருவரைப் புகழ வேண்டுமாயின் வழக்கமாகச் சொல்லப்படும் சொல் ஒன்று உண்டு. "எத்தனை நோவு வந்தாலும் வாய் திறக்கமாட்டார்" என்பதே அது. கேட்பவர்களும் தலையசைத்து, "சபூருள்ள மனுஷி" என்பார்கள். அவ்வாறு புகழ்ந்தவர்களில் நாமும் உண்டு. அந்தப் புகழ்ச்சியை இப்பொழுது மறுபடியும் தராசில் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். பொறுமையும் மௌனமும் ஒன்றுதானா? மௌனத்தைப் புகழும்பொழுது அதனால் இலாபமடைபவர் யார்?

நமக்குத் தெரிந்த வணிகர் ஒருவர் இல்லத்தில் நடந்ததைச் சொல்லுவோம். அவருடைய உம்மாவுக்கு வயது எழுபத்துமூன்று. நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம், தரையிலிருந்த அரிசிச் சட்டியைக் குனிந்து தூக்கினார், முதுகில் சுருக்கென்றது. விழவில்லை, அடிபடவில்லை, ஆகவே எவரும் பெரிதாக எண்ணவில்லை. தைலம் தேய்த்தார்கள். பெருநாளும் கழிந்தது. சில திங்களுக்குப் பின் அவருடைய பழைய பாஜூ குரோங்கின் பாவாடை தரையில் இழுபட்டது. மேல்தட்டிலிருந்த மசாலா டப்பா கைக்கு எட்டவில்லை. "வயதாகிறது" என்றார்கள். அடுத்த ஆண்டு பலமாக இருமியபொழுது மீண்டும் அதே சுருக். இம்முறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், முதுகெலும்பில் இரண்டு கணுக்கள் நசுங்கியிருந்தன. அவற்றுள் ஒன்று பழைய முறிவு.

மகன் நம்மிடம், "உம்மா சொல்லவே இல்லையே!" என்று வருந்தினார். மாதச் செலவில் ஒரு குறையும் வைக்காத நல்ல பிள்ளை அவர். உம்மா சொல்லவில்லை என்பது உண்மை. கேட்டவர் யார் என்பதுதான் நமது கேள்வி.

மக்கள் எலும்புத் தேய்மானம் என்று கூறும் நோயின் வேலை இது. எலும்பு உள்ளுக்குள்ளே சல்லடையாகிவிடுகிறது. ஈரம் பட்ட அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைத்தால் நடுப்பெட்டி ஒன்று முன்பக்கமாக நசுங்கி, அடுக்கே சாய்வதை நாம் கடைகளில் கண்டிருக்கிறோம். முதுகும் அவ்வாறே முன்னால் வளைகிறது. முறிவு சில வாரங்களில் ஆறிவிடுவதுண்டு. ஆனால் நசுங்கிய எலும்பு பழைய உயரத்துக்குத் தானாக மீள்வதில்லை. சாய்ந்த உடலை நிமிர்த்திப் பிடிக்கத் தசைகள் நாள் முழுதும் பாடுபட வேண்டியிருப்பதால் நோவு பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. வளைவு மிகுந்தால் விலா எலும்பு இடுப்பை நெருங்கும்; வயிறு அமுங்கிப் பாதிச் சோற்றிலேயே நிறைந்துவிடும்; மூச்சும் குறையும். இத்தகைய முறிவுகளில் சுமார் மூன்றில் ஒன்றுதான் மருத்துவர் கவனத்துக்கு வருகிறதென்று அத்துறையினர் கூறுகின்றனர். மற்றவை தைலத்தோடும் மௌனத்தோடும் போய்விடுகின்றன.

பொறுமைக்கு நாம் எடுத்துக்காட்டாகச் சொல்லுபவர் அய்யூப் நபி (அலை) அவர்கள். அன்னார் வாய் திறக்கவே இல்லையா? தமக்கு நேர்ந்த துன்பத்தைத் தம் இறைவனிடம் முறையிட்டார்கள் என்று திருமறை கூறுகிறது. முறையிட்ட அவரையே பொறுமையாளர் என்றும் போற்றுகிறது. ஆகவே நோவைச் சொல்லுவது பொறுமைக்கு விரோதம் என்ற எண்ணம் நம் வீடுகளில் எங்கிருந்தோ வந்து புகுந்துகொண்டது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அது வசதியாகவும் இருக்கிறது.

"எக்ஸ்ரேயில் ஆறிவிட்டது என்கிறார்களே, பிறகும் நோகிறது என்றால் அது மனப்பிரமை அன்றோ?" என்று கேட்பாரும் உளர். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. நசுங்கிய எலும்புக்குள் ஊசி வழியாகச் சிமெண்டு செலுத்தும் சிகிச்சை ஒன்று உண்டு. 2009-ஆம் ஆண்டு அதைப்பற்றி இரு சோதனைகள் வெளியாயின. ஒன்றில் 78 பேர், மற்றதில் 131 பேர். ஒரு பகுதியினருக்குச் சிமெண்டு செலுத்தினர். மற்றவர்களுக்கு அதுபோன்ற பாவனை மட்டும் செய்தனர். இரு சாராருக்கும் நோவு ஏறக்குறைய ஒரே அளவில் தணிந்தது! அச்சிகிச்சையைப்பற்றி மருத்துவர்களிடையே பின்னரும் கருத்து வேற்றுமை இருந்து வருகிறது. அதில் நாம் தீர்ப்புச் சொல்லுவதற்கில்லை. ஆனால் பாவனையால் தணிந்த நோவு பொய் நோவு என்று முடிவுகட்டுவது தவறு. காலம் தணித்திருக்கலாம், நம்மையும் ஒருவர் கவனித்தார் என்ற ஆறுதலும் தணித்திருக்கலாம். தணிந்தது எதுவாயினும், முன்பு இருந்ததொன்றே தணிந்தது.

நோவுக்குச் சாட்சி ஒருவரே, அதை அனுபவிப்பவர். நோவுண்டு என்று ஒருவர் சொன்னால் அச்சொல்லை மதிக்க வேண்டுமென்று, நோவை ஆராயும் சர்வதேசச் சங்கமும் 2020-இல் திருத்திய தன் விளக்கத்தோடு சேர்த்து உரைத்திருக்கிறது. வணிகர்களாகிய நமக்கு இது புதிதன்று. கையெழுத்தில்லாமல் வாய்ச்சொல்லை நம்பி ஆயிரக்கணக்கில் சரக்குக் கொடுத்து வருகிறோம். பெற்றவளின் சொல்லுக்கு மட்டும் படம் கேட்கிறோம்.

மௌனத்துக்கு விலையும் உண்டு. புதிதாக ஒரு கணு முறிந்த பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஓராண்டுக்குள்ளேயே இன்னொன்று முறிகிறதென்று 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. முன்பே முறிவு கண்ட பெண்களுக்கு அலெண்ட்ரோனேட் என்னும் மாத்திரை புதிய முறிவுகளைப் பாதியளவு குறைத்ததென்று 1996-லேயே தெரியவந்தது. முதல் சுருக்கிலேயே அந்த உம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தால்? அதைச் சொல்ல நம்மால் இயலாது. சந்தர்ப்பம் ஒன்று தவறியது என்பது மட்டும் மெய்.

கணக்கில் தேர்ந்த நம் அன்பர்களுக்கு ஓர் எளிய கணக்கும் உண்டு. மாதவிலக்கு நின்ற ஆசியப் பெண்களுக்கென 2001-இல் வகுக்கப்பட்டது. எடையின் கிலோவிலிருந்து வயதைக் கழித்து ஐந்தால் வகுக்க வேண்டும். எழுபது வயது, நாற்பத்தைந்து கிலோ என்றால் கழித்தல் 5 வரும். கழித்தல் 4-க்கும் கீழே போனால் ஆபத்து மிகுதி. எலும்பின் அடர்த்தியைச் சோதிக்கச் சொல்லி மருத்துவரைக் கேட்கலாம். ஐந்தொகை பார்க்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்கும் இதற்கு ஆகாது.

இனி, மருந்து கொடுத்தும் தணியாத நோவைப்பற்றி. இங்கேதான் நாம் மற்றொரு தவறு செய்கிறோம். நாம் குறிப்பிட்ட இல்லத்தில் விஷயம் தெரிந்ததும் எல்லோரும் பதறிப்போய், "உம்மா, நீங்கள் ஒன்றும் தொடக்கூடாது" என்று அகப்பையையே கையிலிருந்து வாங்கிவிட்டார்கள். மருமகளின் அன்பில் குற்றமில்லை. ஆனால் நாற்பதாண்டு காலம் அந்த அடுப்படியை ஆண்டவர் மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோவு பாதி எடுத்துக்கொண்டது. மீதியை அன்பு எடுத்துக்கொண்டது. இவ்வகை முறிவு உள்ளோரின் வாழ்வு எப்படியிருக்கிறதென்று அறிய ஐரோப்பிய மருத்துவர்கள் 41 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை வகுத்தார்கள். நோவு அதில் ஒரு பகுதிதான். வீட்டு வேலை, நடமாட்டம், பிறரோடு பழகுதல், மனநிலை ஆகியவற்றையும் கேட்கிறார்கள். நோவு தீராவிட்டாலும் மற்றவை தேறக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

ஒரு நாள் அந்த உம்மாவே, "முதுகுதான் நோகுது, கை நோகலையே" என்றார். அதன் பிறகு மசாலா டப்பாக்கள் இடுப்பு உயரத்துக்கு இறங்கின. முதுகுக்கு அணை கொடுத்த நாற்காலி ஒன்று அடுப்படிக்கு வந்தது. தொழுகைக்கும் நாற்காலியே, அதில் முதலில் அவருக்குக் கூச்சம் இருந்தது, நிற்க முடியாதவர் அமர்ந்து தொழலாம் என்பதை எடுத்துச் சொன்ன பிறகு தெளிந்தது. இப்பொழுது அவர் அரைமணி நேரம் நெத்திலி ஆய்கிறார்; பிறகு படுத்துக்கொள்ளுகிறார். பிறகு மீண்டும் வருகிறார்.

மகன் கடையடைத்து வந்ததும், "நல்லா இருக்கீங்களா, உம்மா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார், அதற்கு எப்பொழுதும் ஒரே பதில்தான். "இன்னைக்கு எவ்வளவு நேரம் நிற்க முடிஞ்சது?" என்று கேட்கிறார். முதல் வாரம் முழுவதும் அதற்கும் "அல்ஹம்துலில்லாஹ்" என்பதே பதிலாக வந்ததாம். இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு, சற்று யோசித்து, "கறி கொதிக்கிற வரைக்கும் நின்னேன். அதுக்கு மேலே முடியலை" என்றாராம்.