நாய்க்குத் தெரியாது, நமக்குத் தெரியுமே!

சிலிபினில் எங்கள் தாமானில் காலையில் நாயை அவிழ்த்துவிடுவேன். அது பக்கத்து வீட்டு மலாய்க்கார பாக்சிக்கின் புல்தரையில் அசிங்கம் பண்ணிவிட்டு வரும். ஒருநாள் அவர் சத்தம் போட்டதும், "வாயில்லா ஜீவன், அதுக்கு என்ன தெரியும்?" என்றேன். பைரவர் வாகனமாச்சே என்று வீட்டில் நியாயமும் பேசினேன்.

அந்த அசிங்கம் பட்டால் ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவிய பிறகே அவர் தொழ முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது.

நண்பர்களே, மகாபாரதத்தில் தருமர் தன்னோடு வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் போக மறுத்தார். நாயின் பொறுப்பைக் கடைசிவரை சுமந்தார். நானோ அதன் பாசத்தை எனக்கு வைத்துக்கொண்டு, அசிங்கத்தை அடுத்தவர் வாசலில் விட்டேன். இது என்ன தர்மம்?

பாக்சிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது கயிறும் பிளாஸ்டிக் பையும் இல்லாமல் நாங்கள் வெளியே போவதில்லை. உங்கள் வீட்டு நாய் காலையில் எங்கே போகிறது, பார்த்தீர்களா?