கூலி வாங்கியவன் கையையும் விற்றானா?

ஒருவன் தன் உழைப்பை விற்கலாம்; அதில் இழிவு யாதுமில்லை. இத்தனை மணி நேரத்திற்கு இத்தனை கூலி என்று பேசி ஒப்புக்கொள்வது உலக வழக்கு. ஆனால் அவ்வொப்பந்தத்தோடு தன் கையையும் காலையும் உயிரையும் அவன் சேர்த்து விற்றுவிட்டான் என்று கொள்ளலாமோ? அபாயம் உண்டென்று அறிந்தே வேலைக்கு வந்தான், ஆகவே நேர்ந்ததை அவனே அநுபவிக்கட்டும் என்பது நியாயமாகுமோ? இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ரயில் சிப்பந்திகள் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்வியோடு போராடி வந்திருக்கின்றனர்.

1837ஆம் ஆண்டில் மாசாசூசெட்ஸ் மாகாணத்தில், பாஸ்டன் – வூஸ்டர் ரயில் கம்பெனியில் நிக்கோலாஸ் பார்வெல் என்பார் எஞ்சின் ஓட்டியாக இருந்தார். நாட்கூலி 2 டாலர். பாதை பிரியுமிடத்தில் வேலை பார்த்த பாயிண்ட்ஸ்மேன் பாதையைத் தக்கவாறு திருப்பாது விட்டமையால் வண்டி தடம் புரண்டது. சக்கரம் பார்வெலின் வலக்கையை நசுக்கிவிட்டது. எஞ்சின் ஓட்டிக்கு வலக்கை போனபின் மிஞ்சுவது யாது? அவர் நஷ்டஈடு கேட்டு வழக்கிட்டார். 1842இல் பிரதம நீதிபதி லெமுவல் ஷா தீர்ப்புக் கூறினார்: உடன் வேலை செய்வோன் பிழையால் ஒரு வேலையாள் காயமுற்றால் முதலாளி பொறுப்பாளியல்லன், கம்பெனி ஒரு காசும் கொடுக்க வேண்டுவதில்லை.

அதே வண்டியில், அதே நொடியில் ஒரு பிரயாணியின் கை நசுங்கியிருந்தால்? அவருக்குக் கம்பெனி பதில் சொல்லியே தீர வேண்டும்; பிரயாணியைக் காக்கும் கடமையை அக்காலச் சட்டமே கம்பெனியின் தலையில் சுமத்தியிருந்தது. வண்டி ஒன்று, பிழை ஒன்று, நசுங்கியதும் கையே. ஆயினும் சீட்டு வாங்கி ஏறியவன் கைக்கு விலை உண்டு. கூலி வாங்கி ஏறியவன் கைக்கு விலை இல்லை!

நீதிபதி ஷா மூடரல்லர். தம் காலத்தில் பெரிதும் மதிக்கப்பட்ட அறிவாளி. ஆதலினாலேயே அவர் காட்டிய காரணங்களை நாம் உற்று நோக்குதல் வேண்டும். அபாயமுள்ள வேலைக்கு அதிகக் கூலி கிடைக்கிறது. அவ்வதிகமே அபாயத்தின் விலை என்றார். கேட்பதற்கு நேரான கணக்குப்போல் தோன்றும். ஆனால் விற்பவனும் வாங்குபவனும் சமமாக நின்று பேசினாலன்றோ அது விலை? வீட்டில் உலை ஏற்றக் காத்திருப்பாரை எண்ணி நிற்பவன் ஒருபுறம். இவன் போனால் இன்னொருவன் என்றிருக்கும் கம்பெனி மறுபுறம். தோட்டத்து ஆபீஸ் வாசலில் பேர் பதிய நின்றவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மேலும், அந்த 2 டாலரில் உழைப்புக்கு எவ்வளவு, வலக்கைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டியவர் எவருமில்லை.

அவர் கூறிய மற்றொரு காரணம் விநோதமானது. வேலையாட்கள் ஒருவரையொருவர் கவனிக்கக் கூடியவர்கள். எவனாவது அசட்டையாக இருப்பின் முதலாளிக்கு அறிவிக்கலாம். முதலாளி கேளாவிட்டால் வேலையை விட்டு விலகலாம் என்றார். ஓடும் எஞ்சினில் நிற்பவன் தொலைவிலுள்ள பாயிண்ட்ஸ்மேனை எங்ஙனம் கவனிப்பான் என்பது நிற்க. அறிவித்தவனுக்கு என்ன நேரும் என்பதை நீதிபதி ஆராயவில்லை. இதற்கே பின்னர் வருவோம்.

அந்நாளில் வண்டிகளைப் பிணைக்க வளையத்தையும் முளையையும் கையாலேயே பொருத்த வேண்டும். நெருங்கி வரும் இரு வண்டிகளுக்கிடையே பிரேக்மேன் நிற்பான். ஒருவன் நெடுநாள் அத்தொழிலில் இருந்தவன் என்பதை அவன் இழந்த விரல்களைக் கொண்டே அறிவார்கள். தானே பூட்டிக்கொள்ளும் கொக்கிக்கு 1873இலேயே ஜானி என்பார் உரிமை பெற்றுவிட்டார். அதனைக் கட்டாயமாக்கிய சட்டமோ 1893இல்தான் பிறந்தது. இடைப்பட்ட 20 ஆண்டுகளில் போன விரல்கள் அறியாமையால் போனவை என்று சொல்லற்க. செலவுக் கணக்கால் போனவை. அச்சட்டத்திலே ஒரு வரி உண்டு: விதிப்படி அமையாத வண்டியென்று தெரிந்தும் ஒருவன் வேலையில் நீடித்தான் என்பதனால், அவன் அபாயத்தை ஏற்றுக்கொண்டவனாகக் கருதப்படமாட்டான். ஷாவின் கோட்டையில் விழுந்த முதற் பெருவெடிப்பு அதுவே. 1908இல் ரயில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. 1939இல் அதனைத் திருத்தி, கம்பெனியின் அசட்டையால் வந்த காயத்திற்கு "அறிந்தே வந்தான்" என்ற வாதம் அறவே செல்லாதென்றார்கள்.

இவை யாவும் தாமே கனிந்து விழுந்த கனிகளல்ல. 1863இல் எஞ்சின் ஓட்டிகள் சங்கம் கண்டனர். மற்றத் தொழிலாளரும் பின்தொடர்ந்தனர். எனினும் ஒன்று சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. அப்பெருஞ் சங்கங்கள் கறுப்புத் தொழிலாளருக்குக் கதவை அடைத்தே வைத்திருந்தன. முதலாளியிடம் மனித உரிமை கேட்டவன், பக்கத்தில் நின்றவனின் நிறத்தைப் பார்த்தான்! ஆகையால் 1925இல் படுக்கை வண்டிகளின் கறுப்புப் பணியாளர், பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். மாதம் 400 மணி வேலை செய்துவந்த அவர்கள், 12 ஆண்டுகள் போராடி, 1937இல் புல்மன் கம்பெனியோடு உடன்படிக்கை கண்டு 240 மணியாகக் குறைத்தனர். பிரயாணி உறங்குவதற்காகத் தான் உறங்காதிருந்தவனுக்கு உறக்கமும் ஒரு பாதுகாப்பே யன்றோ?

இனி, அறிவித்தவன் கதைக்கு வருவோம். பாதை பழுது என்றோ, எனக்குக் காயம் என்றோ சொல்லுகின்ற தொழிலாளியை விசாரணைக்கு நிறுத்துவதும், ஏதேனும் விதியை மீறினான் என்று தண்டிப்பதும் ரயில் உலகில் நெடுங்காலமாக நேர்ந்தவை. காயக் கணக்குக் குறைந்தால் மேலாளருக்குப் பெருமை. காயத்தைக் குறைப்பதைவிடக் கணக்கைக் குறைப்பது எளிது. 1980இல் சட்டம் ஒரு காப்பு அளித்தது. ஆயினும் முறையீடு பழைய நடுவர் மன்றத்திற்கே சென்றது. 2007இல் அது தொழிலிலாகாவிடம் ஒப்படைக்கப்பட்டது. காயத்தை அறிவித்தான் என்பதற்காக வேலை நீக்கினால், வேலையும் வட்டியோடு பாக்கிச் சம்பளமும் திரும்பத் தர வேண்டும். தண்டமாக 250,000 டாலர் வரை விதிக்கலாம். அறிவிக்கலாமே என்று ஷா சொன்ன நாளிலிருந்து 165 ஆண்டுகள்!

வாய் திறப்பது இத்துணை முக்கியமோ என்பார்க்கு ஒரு நிகழ்ச்சி. 1971 முதல் அந்நாட்டின் நெடுந்தூரப் பிரயாணி வண்டிகளை நடத்திவரும் ஆம்ட்ராக்கின் 89ஆம் எண் வண்டி, 2016 ஏப்ரல் 3 காலை, பென்சில்வேனியாவில் செஸ்டர் நகருக்கருகே மணிக்கு ஏறத்தாழ 100 மைல் வேகத்தில் சென்று, தண்டவாளத்தின்மேல் நின்ற மண்வாரி இயந்திரத்தில் மோதிற்று. பாதை வேலையாளர் இருவர் மாண்டனர். பிரயாணிகள் பலர் காயமுற்றனர். இரவு மேஸ்திரி தம் முறை முடிந்ததும் பாதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பகல் மேஸ்திரி புதிதாக அதைக் கேட்டுப் பெறவில்லை. இரு தண்டவாளங்களையும் இணைத்துக் கைகாட்டியைச் சிவப்பாக்கும் சிறு கருவி ஒன்றுண்டு. விதி கேட்டிருந்தும் அது இடப்படவில்லை. 2017இல் விசாரணை வாரியம் இருவர் பிழையோடு நில்லாது, அக்கம்பெனியின் பாதுகாப்பு முறையே சீர்கெட்டிருந்ததெனக் கண்டது. "இக்கருவி எங்கே?" என்று அன்று காலை ஒருவர் வற்புறுத்திக் கேட்டிருப்பின், பாதையில் நின்றோரும் வண்டிக்குள் இருந்தோரும் ஒருங்கே பிழைத்திருப்பர். தொழிலாளியின் பாதுகாப்பு வேறு, பிரயாணியின் பாதுகாப்பு வேறென்று 1842இல் வகுத்த கோடு அங்கே எவ்விடத்திலும் காணப்படவில்லை.

அபாயமான வேலையைச் செய்யேன் என மறுக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது. ஆனால் எளிதாகத் தரவில்லை. மரணமோ பெருங்காயமோ உடனே நேரக்கூடியதாக இருத்தல் வேண்டும். வேறு வழி இருத்தலாகாது. மேலிடத்தின் வழியாகத் திருத்த நேரமின்மையும் வேண்டும். இயலுமாயின் முன்னரே சொல்லியிருக்கவும் வேண்டும். இருட்டில், மழையில், வண்டி புறப்பட மணி அடித்தபின் ஒரு சிப்பந்தி இவ்வளவையும் எடைபோட வேண்டும். பிழையாக எடைபோட்டால் வேலை போகலாம். சரியாக எடைபோட்டும் தண்டிக்கப்பட்டால் 180 நாட்களுக்குள் முறையிட்டாக வேண்டும். தாமதித்தால் வழக்கு நிற்பது அரிது. அந்நாட்களை எண்ணிச் சொல்ல, பத்திரம் எழுதித் தர, விசாரணையில் பக்கத்தில் உட்கார அவனுக்கு ஒருவர் தேவை. பார்வெல் பக்கத்தில் அன்று அப்படியொரு சங்கம் இருக்கவில்லை.