முடியவில்லை, மனமில்லை

எனக்கு முடக்குவாதம் வந்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். காலையில் விழித்ததும் விரல்களை மடக்கிப் பார்ப்பேன். மடங்காது. இறுக்கம் விட முக்கால் மணி நேரமாகும். அதற்குள் தினமும் எனக்குள் ஒரு வழக்கு நடக்கும்: இன்னிக்கு நடக்கப் போகணுமா, வேண்டாமா?

ஒரு காலத்தில் இந்த நோய்க்குப் படுக்கையில் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். இன்று அசையச் சொல்கிறார்கள். தசை மெலிந்தால் பாரம் மூட்டின் மேல்தான் இறங்கும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நாள்பட்ட நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு, இயன்றவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது.

இதில் எனக்குச் சண்டை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், "தெனமும் நடந்தா எல்லாம் சரியாயிடும் சார்" என்கிறாரே, அதில்தான். சரியாகவில்லை என்றால் நான் நடக்கவில்லை என்றுதானே பொருள்? என் நோயெதிர்ப்பு மண்டலம் என் மூட்டின் உட்சவ்வையே தாக்குகிறது. அது சோம்பலுக்கான தண்டனை அல்ல.

மயால்ஜிக் என்செஃபலோமைலைட்டிஸ் என்ற நீங்காச் சோர்வு நோயில், சக்திக்கு மீறி உழைத்தால் உடல் மேலும் சரியும். பிரிட்டனில் அதற்கே, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைச் சிகிச்சையாகப் பரிந்துரைத்தார்கள். மோசமாகிறது என்று நோயாளிகள் வருடக்கணக்கில் சொன்னார்கள். 2021இல்தான் அந்தப் பரிந்துரை விலக்கப்பட்டது. மன உறுதி எல்லா நோய்க்கும் மருந்தல்ல.

அப்படியானால் நோயாளி சொல்வதே முடிவா? அங்கேதான் எனக்கு உதைக்கிறது. மனமில்லாத நாட்களில் "முடியலை" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பினாள். இதற்கு நேர்மாறாகவும் ஒரு நாள் நடந்தது. முழங்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார் என்பதற்காகவே வழக்கமான தூரத்தை நடந்து முடித்தேன். "சூப்பர் சார்" என்றார். ஒரு வாரம் படுக்கையில் கிடந்தேன்.

இரண்டும் பொய்தான். ஆனால் முதல் பொய்யை நினைத்து எத்தனையோ நாள் குறுகியிருக்கிறேன். பாராட்டு வாங்கித் தந்த இரண்டாவதைப் பொய் என்று ஒப்புக்கொள்ளவே நாளானது.

இப்போது தெருமுனை டீக்கடை வரை எப்படியும் போகிறேன். மூட்டு இளகியிருந்தால் மேலே நடப்பேன். இல்லையென்றால் திரும்பிவிடுவேன்.

"என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"இன்னிக்கு அவ்வளவுதான்."

இதைத் தலைகுனியாமல் சொல்லப் பழகத்தான் பத்து வருடம் ஆயிற்று.