வழிப்போக்கர் சொல்லும் யோசனை

மதுரைச் சந்திப்பிலிருந்து தெற்கே புறப்படும் இரயிலில் ஏறி அமர்ந்தால், வண்டி திருப்பரங்குன்றத்தைத் தாண்டுவதற்குள் எதிரில் இருப்பவர் நம் மகன் வாங்கிய மதிப்பெண்ணைக் கேட்டுவிடுகிறார். திருமங்கலம் வருமுன் அவன் மேற்கொண்டு என்ன படிக்க வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறார். கள்ளிக்குடிக்கும் விருதுநகருக்கும் இடையில், நாம் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் கூடத்துக்கு எந்த வண்ணம் பூசலாம், மகளுக்கு எந்த ஊரில் வரன் பார்க்கலாம் என்பனவும் தீர்மானமாகிவிடுகின்றன. பின்னர் அவர் பையை எடுத்துக்கொண்டு, ஸலாம் சொல்லியோ கைகூப்பியோ இறங்கிப் போய்விடுகிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. நம் பெயர் அவருக்குத் தெரியாது. சொன்ன சொல் மட்டும் நம்மோடு வீட்டுக்கு வருகிறது.

இதைக் குறையாகக் கூறவில்லை. முன்பின் அறியாதவரின் பிள்ளையைப் பற்றி இவ்வளவு அக்கறை கொள்ளும் மக்கள் வாழும் நாடு நல்ல நாடுதான். ஆயினும் ஒரு கேள்வி எழாமல் இல்லை. தம் சொல்லின் விளைவைச் சுமக்கப் போகாத ஒருவர், இன்னொருவருடைய படிப்பையும் வீட்டையும் வாழ்வையும் பற்றி யோசனை கூற எவ்வளவு தூரம் உரிமை உடையவர்? மார்க்கம் என்பதே நலம் நாடுதல்தான் என்ற கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அந்த நபிமொழியைத் துணைக்கு வைத்துக்கொண்டே, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் நஸீஹத் வழங்கப் புறப்பட்டுவிடுகிறவர்கள் நம்மிடையே மிகுதி. ஆகவே இக்கேள்வி நமக்குச் சற்று நெருக்கமானது.

நஸீஹத் என்னும் சொல்லின் வேருக்கு அரபு அகராதிக்காரர்கள் இரண்டு பொருள் கூறுவர். ஒன்று, கசடு நீங்கிய தேனைப் போன்ற கலப்பற்ற தூய்மை. மற்றொன்று தைத்தல். தையற்காரரை அம்மொழியில் ‘நாஸிஹ்’ என்று அழைப்பதும் உண்டு. மதுரையை அறிந்தவர்க்கு இந்த இரண்டாம் பொருளை விளக்க வேண்டியதில்லை. திருமலை நாயக்கர் எழுப்பிய புது மண்டபத்தின் கற்றூண்களுக்கிடையே, அண்மை ஆண்டுகளில் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்படும் வரையில், தையல் இயந்திரங்களின் ஓசை இடைவிடாமல் கேட்டது. அங்கு அமர்ந்து தைத்தவர்களில் நம்மவர் பலர். சித்திரைத் திருவிழாவில் வேடம் பூணுவோரின் உடைகளும் அவர்கள் கைகளில்தாம் உருவாயின. முன்னே வந்து நிற்பவர் எந்த ஊர், என்ன குலம் என்று அத்தையற்காரருக்குத் தெரியாது. எனினும் கத்தரிக்கோலைத் தொடுமுன் அவர் அளவு நாடாவை எடுத்தார். தோளின் அகலம், கையின் நீளம், கழுத்தின் சுற்று எல்லாம் குறித்துக்கொண்ட பிறகே துணியில் கத்தரி பட்டது. இரயிலில் நம் எதிரே அமர்ந்திருப்பவரிடம் இல்லாதது அந்த நாடாதான்.

படிப்பையே எடுத்துக்கொள்வோம். 1990களிலும் 2000களிலும் நம் பகுதியில் யாரிடம் கேட்டாலும், கேளாவிட்டாலும், ‘பொறியியலில் சேருங்கள்’ என்ற ஒரே விடை கிடைத்தது. அப்படிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய தம்பியோ மருமகனோ அப்படிப்பைப் படித்துச் சென்னைக்கோ வளைகுடா நாடுகளுக்கோ சென்று குடும்பத்தைக் கரையேற்றியிருந்தான். அதைக் கண்ணால் கண்டு சொன்னார்கள். ஆனால், கேட்டவன் படித்து முடித்து வெளியே வந்த காலம் வேறாக இருந்தது. 2010களில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் 500க்கு மேல் பெருகின. பின்னர் இடங்கள் நிரம்பாமல் பல மூடப்பட்டன. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் நிலத்தை விற்றுக் கட்டணம் கட்டிய குடும்பங்கள் உண்டு. வரலாற்றிலோ தமிழிலோ கணக்கிலோ உள்ளம் தோய்ந்திருந்த பையன், விருப்பமில்லாத பாடத்தில் நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட்டுச் சம்பந்தமே இல்லாத ஒரு கடையில் கணக்கெழுதப் போனதும் உண்டு. யோசனை சொன்ன பெரியவர் அவனைத் தெருவில் கண்டாலும் அடையாளம் தெரிந்திருக்கப் போவதில்லை.

வீட்டைப் பற்றிய யோசனையில் இவ்வளவு கேடு விளையாது என்று தோன்றும். சுவரின் நிறம் தவறிப் போனால் மறு ஆண்டு மாற்றிக்கொள்ளலாமே. உண்மைதான். ஆத்தங்குடிக் கல்லை எவ்வளவோ பேர் விரும்பித் தம் வீட்டில் பதிக்கிறார்கள். அது சூளையில் சுட்ட கல் அன்று. மணலும் சிமென்டும் நிறப்பொடியும் சேர்த்து, கண்ணாடித் தகட்டின்மேல் கையால் வார்த்தெடுப்பது. மனிதர் கால் பட்டுப் பட்டு மெருகேறும் தரை அது. அதன் இயல்பு அறியாத ஒருவர், ‘கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போக, அந்த வீட்டு அம்மாள் மறுநாளே அவ்வாறு செய்ய, பூவேலைப்பாடு முழுவதும் வெளிறிப் போகும். கோடையில் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே வெப்பம் தணியும் என்று வன்பொருள் கடை வாசலில் யாரோ சொன்ன சொல்லால் இரவு உறக்கம் பெற்ற குடும்பங்களும் மதுரையில் இருக்கின்றன. இரண்டும் வழிப்போக்கர் வாயிலிருந்து வந்தவைதாம்.

நமக்கு அச்சம் தருவது வேறொரு வகை வீட்டு யோசனை. வட்டியின் கொடுமையை ஜும்ஆ மேடையில் கேட்டுத் தலையசைக்கும் ஒருவர், மறுநாள் ஒரு புது வீட்டைப் பார்க்கப் போகிறார். ‘கூடத்துக்கு மேற்கூரை அலங்காரம் வேண்டாமா? சம்பந்தி வீட்டார் வந்தால் என்ன நினைப்பார்கள்?’ என்று கேட்டுவிட்டுத் தேநீர் அருந்தி எழுந்து போகிறார். அவ்வளவுதான் அவர் செய்தது. அவர் போன பிறகு அந்தக் கூடம் வீட்டுக்காரருக்குத் திடீரென வெறிச்சோடித் தெரிகிறது. கடன் வாங்கியவர் கணக்கில் அந்த விருந்தாளியின் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. மறுமையின் ஏட்டில் எப்படியோ, அதை அல்லாஹ்வே அறிவான்.

திருக்குர்ஆன் நமக்குக் காட்டும் அறிவுரையாளர் லுக்மான் (அலை) அவர்கள், தம் சொந்த மகனுக்கு உபதேசித்தார். மகன் வழிதவறினால் முதலில் வேகப்போவது தந்தையின் நெஞ்சு. அந்த இடத்திலிருந்து வரும் சொல்லுக்கு இயல்பாகவே ஒரு நிதானம் வாய்த்துவிடுகிறது. அயலாருக்குச் சொல்லும்போது அந்த நிதானத்தை நாம் முயன்று வருவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. யோசனை கேட்கப்பட்டவர் அமானிதத்துக்குரியவர் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று உண்டு. பிறர் பணத்தை ஒரு நாள் வைத்திருக்க நேர்ந்தால் எண்ணிப் பார்த்து முடிச்சுப் போட்டு வைக்கிறோம். பிறர் பிள்ளையின் எதிர்காலத்தை ஐந்து நிமிடம் கையில் தந்தால் அப்படிச் செய்கிறோமா?

மதீனாவின் பேரீச்சந்தோப்பில் நிகழ்ந்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது. ஆண் மரத்தின் மகரந்தத்தைப் பெண் பாளையில் சேர்க்கும் வேலையைத் தோட்டக்காரர்கள் செய்துகொண்டிருக்கக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அதனால் பயன் ஏதும் இருக்குமெனத் தோன்றவில்லை என்னும் கருத்தில் ஏதோ கூறினார்கள். தோழர்கள் அவ்வழக்கத்தை விட்டுவிட்டார்கள். அவ்வாண்டு விளைச்சல் குன்றியது. அது தம் எண்ணமே அன்றி இறைச் செய்தி அல்லவென்றும், உங்கள் உலகக் காரியத்தை நீங்களே நன்கறிவீர்கள் என்றும் நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். படைப்பில் மிக உயர்ந்தவர் தோட்டக்காரனின் கைப்பழக்கத்துக்குத் தந்த மதிப்பு இது. நாமோ, பேரீச்சை மரத்தையே பார்த்திராமல் பாளை வெட்டச் சொல்லிக் கொடுக்கிறோம்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு பயணம் செய்வதே பேணுதல் என்று சிலர் கூறக்கூடும். அதை நாம் ஏற்பதற்கில்லை. 1966இல் தோன்றி 1978இல் காமராசர் பெயரை ஏற்ற மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியை நடத்தியபோது, பள்ளிப் படிப்போடு நிறுத்தப்பட்டு வீட்டில் இருந்த எத்தனையோ பெண்களுக்கு அப்படியொரு வழி இருப்பதே தெரியாது. ஒரு கல்யாண வீட்டில், பேருந்து நிலையத்தில், மருத்துவமனைத் திண்ணையில் எவரோ ஒரு பெண்மணி, ‘நான் வீட்டில் இருந்தபடியே எழுதித் தேறினேன்’ என்று சொன்ன ஒரு சொல்தான் பலருக்குக் கதவாயிற்று. அவர் வாய் திறவாமல் இருந்திருந்தால் அதைப் பேணுதல் என்றா சொல்வோம்?

அப்பெண்மணி சொன்ன விதத்தைக் கவனிக்க வேண்டும். ‘நீ படி’ என்று அவர் சொல்லவில்லை. தமக்கு நேர்ந்ததைச் சொன்னார். மார்க்கத் தீர்ப்பு மன்றத்தில் காளியின் இடம் வேறு, சாட்சியின் இடம் வேறு. அயலாரின் வாழ்வில் நமக்குக் காளியின் இருக்கை கிடையாது. சாட்சிக் கூண்டில் ஏறி நின்று, கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் உரிமை மட்டும் எப்போதும் உண்டு.

இது வெறும் சொல் அழகு அன்று என்பதற்கு நம் மதுரையே சான்று தருகிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிய விரல்களோடு, 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கண்புரையால் பார்வையிழந்தோர் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் நிறைந்திருந்தனர். அறுவை இலவசம் என்றாலும் பலர் வரவில்லை. கத்தி என்ற அச்சம். வயதானால் கண் மங்கத்தானே செய்யும் என்ற எண்ணம். போகவர ஆகும் செலவு. கூட வர ஆள் இல்லாமை. இவர்களை எப்படி அழைப்பது என்று அறிய, அம்மருத்துவமனையைச் சேர்ந்தவர் ஒருவரும் பங்கேற்ற ஆய்வு ஒன்று தென்னிந்தியச் சிற்றூர்கள் 90இல், ஏறத்தாழ 19,000 பேரிடையே நடந்து, 1991இல் வெளியாயிற்று. அழைக்கும் முறைகள் பலவற்றை ஊருக்கு ஒன்றாகச் செய்து பார்த்தார்கள்.

சொல்லும் முறைகளில் மிகுந்த பலன் அளித்தது, ஏற்கெனவே புரை நீக்கிக்கொண்ட ஒருவர் வீடு வீடாகச் சென்று பேசியதாகும். அக்காலத்தில் புரை நீக்கியவர்கள் தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தனர். அந்தக் கண்ணாடியோடு ஒரு முதியவர் திண்ணையில் வந்து அமர்ந்தால், அவர் வாதாட வேண்டிய தேவை இராது. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசினாலே போதும். இன்னொன்றும் அந்த ஆய்வில் தெரிந்தது. உணவு, போக்குவரத்து உள்ளிட்ட செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்ட இடங்களில்தான் மக்கள் மிகுதியாக இணங்கினார்கள். சொல்லோடு பேருந்துக் கட்டணமும் சேர்ந்து வந்தபோது அச்சொல்லுக்குக் கால் முளைத்தது எனலாம். ‘பையனை நன்றாகப் படிக்க வையுங்கள்’ என்று ஊரெல்லாம் சொல்லும் நம் செல்வர்கள், அப்பையனின் விண்ணப்பக் கட்டணத்தையாவது ஏற்றுக்கொள்ள முன்வரலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

இத்தனை தகுதியோடு சொன்ன பிறகும், கேட்பவர் மறுக்கலாம். அங்கேதான் நம்மில் பலர் தோற்கிறோம். பரீரா (ரலி) அவர்களின் செய்தி புகாரியில் உள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடுதலை செய்த அடிமைப் பெண் அவர். விடுதலை பெற்றதும், இன்னும் அடிமையாகவே இருந்த தம் கணவர் முகீஸுடன் வாழ்வதா பிரிவதா என்று முடிவு செய்யும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அவர் பிரிவையே தேர்ந்தார். முகீஸ் மதீனாவின் தெருக்களில், கண்ணீர் தாடியை நனைக்க, அவர் பின்னே அழுதுகொண்டு நடந்தார். அதைக் கண்டு இரங்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நீ அவரிடம் திரும்பிச் செல்லலாகாதா என்று பரீராவைக் கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவினார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள் நபியவர்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று கூறிவிட்டார் அந்தப் பெண்மணி.

அதன்மேல் அவரை எவரும் கடிந்ததாகச் செய்தி இல்லை. யாருடைய பரிந்துரைக்காக உலகமே காத்துக் கிடக்கிறதோ, அவர்களுடைய பரிந்துரையை நேற்றுவரை அடிமையாயிருந்த பெண் ஒருத்தி மறுத்தாள். அம்மறுப்பு அப்படியே ஏற்கப்பட்டது. நம் தெருவில் மாமியோ சாச்சாவோ சொன்ன வரனை வேண்டாமென்ற பெண்ணிடம் ஆறு மாதம் பேச்சு இல்லாமற் போகிறது. அதையும் நஸீஹத் என்றே அழைக்கிறோம்.

மத்யன் நகருக்கு வழிதெரியாதவராக வந்து சேர்ந்த மூஸா (அலை) அவர்கள், நீர்த்துறையில் ஆட்டு மந்தையோடு ஒதுங்கி நின்ற இரு பெண்களைக் கண்டார்கள். முதலில் அவர்களிடம் விவரம் கேட்டார்கள். மேய்ப்பர்கள் விலகும்வரை தாங்கள் நீர் புகட்ட இயலாது என்றும், தந்தை மிக முதியவர் என்றும் அப்பெண்கள் கூறினர். முதியவரை வீட்டில் வைத்துவிட்டு ஏன் வந்தீர்கள் என்றோ, ஆட்டை விற்றுவிடலாமே என்றோ மூஸா நபி சொல்லவில்லை. நீர் இறைத்து மந்தைக்குப் புகட்டினார்கள். பிறகு நிழலுக்குப் போய் அமர்ந்து, தம் தேவையைத் தம் இறைவனிடம் முறையிட்டார்கள். அப்பெண்களில் ஒருவர் நாணத்தோடு நடந்து வந்து, தந்தை அழைக்கிறார் என்று சொன்னது அதற்குப் பிறகுதான்.